கரண்ட் போய் வந்ததும் எழாத கணினி: தூரத்திலிருந்து எழுப்ப எதை வாங்கலாம்?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: மன்னார்குடிக்குப் பக்கத்தில் அரிசி ஆலை, பட்டுக்கோட்டையிலும் வேதாரண்யத்திலும் ஒவ்வொரு கடை, நீங்கள் குடியிருப்பது கும்பகோணத்தில். ஆலையில் டாலி கணக்கு, பில்லிங், எடைமேடைப் பதிவு எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன. கரண்ட் போய் வந்தால் சில நாள் அது எழுவதே இல்லை. சில நாள் எழுந்து, கறுப்புத் திரையில் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில், தூரத்திலிருந்து கணினியை இயக்க வைத்திருக்கும் எனிடெஸ்க் நிரல் கைகொடுப்பதில்லை. விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் வீட்டிலிருந்தபடியே திரையைப் பார்த்து, ஆன்-ஆஃப் செய்து, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) வரை போகக்கூடிய கணினி எது, அதற்கு சர்வர்தான் வாங்கியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்வர் வேண்டாம். தூரத்திலிருந்து கவனிக்கும் வசதியான இன்டெல் வி-ப்ரோ முழுமையாக உள்ள ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் போதும். இருக்கும் கணினியே நன்றாக ஓடுகிறது என்றால் அதன் பக்கத்தில் திரையையும் கீபோர்டையும் நெட்வொர்க் வழியாகத் தரும் ஒரு ஐபி-கேவிஎம் பெட்டி வைத்தால் போதும். ஆனால் எதை வாங்கினாலும் அதற்குப் போகிற இணையப் பாதையும் மின்சாரமும் அந்தக் கணினியை நம்பி இருக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான் என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

எனிடெஸ்க், டீம்வியூவர், ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் விண்டோஸுக்குள் ஓடுகிற நிரல்கள். விண்டோஸ் எழவில்லை என்றால் அவையும் இல்லை. அவுட்-ஆஃப்-பேண்ட் என்று சொல்வது வேறு. பெரிய கோயில் கதவு சாத்தியிருக்கும்போதும் அதிலேயே இருக்கும் திட்டிவாசல் வழியாக ஆள் போய்வருவார்களே, அந்த மாதிரி. கணினி அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை மதர்போர்டில் ஒரு சிறு பகுதிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்த ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் தனியாக ஒரு குட்டிச் செயலி விழித்திருந்து, நெட்வொர்க்கில் உங்கள் கட்டளையைக் கேட்கும். திரையைக் காட்டும், கீபோர்டாக நடிக்கும், பவர் பட்டனை அழுத்தும். விண்டோஸ் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம்.

காசு செலவழிப்பதற்கு முன் இப்போதைய கணினியில் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கறுப்புத் திரையில் நின்று ஏதோ கேட்கிறது என்றீர்கள். அது எஃப்1 அழுத்தச் சொல்லும் செய்தி என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வட்ட பேட்டரி செத்த பிறகு கரண்ட் போனால் பயாஸ் தன் தேதியையும் அமைப்புகளையும் மறந்துவிடும், மறுபடி ஆன் ஆகும்போது ஆளைக் கேட்டு நிற்கும். பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. அதோடு பயாஸில் எச்சரிக்கை வந்தாலும் நிற்காமல் தொடரும்படி ஓர் அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பயாஸ் அமைப்பு. வழக்கமாக மூன்று தேர்வுகள் இருக்கும்: அணைந்தே கிட, முன்பு இருந்த நிலைக்குப் போ, எப்படியும் ஆன் ஆகு. பலர் இரண்டாவதை வைக்கிறார்கள். யுபிஎஸ் மென்பொருள் கணினியை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டால் 'முன்பு இருந்த நிலை' என்பது அணைந்த நிலைதான், அதனால் கணினி எழாது. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போகிறது, யுபிஎஸ் சொல்லி கணினி ஷட்டவுன் ஆகிறது, ஆனால் யுபிஎஸ் பேட்டரி முழுக்கத் தீர்வதற்கு முன்பே கரண்ட் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் அறுபடவே இல்லை. எனவே 'வந்தால் ஆன் ஆகு' என்ற கட்டளை வேலை செய்யாது. சில நாள் எழுகிறது, சில நாள் எழவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம். கரண்ட் வந்த பிறகு தன் வெளியீட்டை ஒருமுறை துண்டித்துத் திரும்பக் கொடுக்கிற அமைப்பு சில யுபிஎஸ்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்துதான் எழுப்ப வேண்டும்.

நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் போதாதா என்று யாராவது சொல்வார்கள். எழுப்ப மட்டும் என்றால் சில நேரம் போதும். அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கருவி ஒரு பாக்கெட் அனுப்பினால் கணினி ஆன் ஆகும். ஆனால் திரை தெரியாது, மாட்டிக்கொண்டு நிற்கும் கணினியை ரீசெட் செய்ய முடியாது. கரண்ட் முழுக்கப் போய் வந்த பிறகு, விண்டோஸ் ஒருமுறை ஏறி இறங்கும் வரை அந்தப் பாக்கெட்டைக் கண்டுகொள்ளாத மதர்போர்டுகளும் உண்டு. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இனி வாங்குவதற்கு வருவோம். சர்வர்களில் இந்த வேலையைச் செய்வது பிஎம்சி என்ற சில்லு. பல சர்வர் போர்டுகளில் தைவான் ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2400, 2500, 2600 சில்லுகளைப் பார்க்கலாம். அதோடு பேசுவதற்கான ஐபிஎம்ஐ என்ற பொது விதிமுறையை இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து 1998இல் கொண்டுவந்தன. 2015இல் வந்த ரெட்ஃபிஷ் அதற்கு அடுத்த தலைமுறை. டெல் தன்னுடையதை ஐடிராக் என்றும், எச்பிஇ ஐஎல்ஓ என்றும், லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்றும் அழைக்கின்றன.

பெயர் இருப்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடாது, லைசென்ஸ் என்று ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. டெல் டவர், ரேக் சர்வர்களில் ஐடிராக் பேசிக், எக்ஸ்பிரஸ் நிலைகளில் ஆன்-ஆஃப் செய்யலாம், வெப்பநிலை பார்க்கலாம், திரை மட்டும் வராது. திரை வேண்டுமென்றால் என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். எச்பிஇ ஐஎல்ஓ சாதாரண லைசென்ஸில் பயாஸ் ஓடும் வரை திரை தெரியும், இயங்குதளம் ஏறத் தொடங்கியதும் மூடிக்கொள்ளும். சூப்பர்மைக்ரோ இதில் தாராளம், திரைக்குத் தனிக் காசு இல்லை. அதன் மாடல் பெயர் கடைசியில் 'எஃப்' இருந்தால் பிஎம்சி இருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். எக்ஸ்11எஸ்எஸ்எல்-எஃப் ஓர் உதாரணம்.

'சர்வர்' என்று பெயர் போட்டும் இதெல்லாம் இல்லாத மாடல்களும் உண்டு. டெல் பவர்எட்ஜ் டி30, டி40இல் ஐடிராக் கிடையாது. எச்பிஇ மைக்ரோசர்வர் ஜென்8இல் ஐஎல்ஓ உண்டு, அதற்கு அடுத்து வந்த ஜென்10இல் இல்லை, ஜென்10 பிளஸ்ஸில் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருகினால்தான் வேலை செய்யும். கடைக்காரர் 'சர்வர் சார், எல்லாம் இருக்கும்' என்று சொன்னால் அப்படியே தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் பழைய ரேக் சர்வர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐடிராக்6, சூப்பர்மைக்ரோ எக்ஸ்8, எக்ஸ்9 காலத்துப் பெட்டிகளில் ரிமோட் திரையைத் திறக்க ஜாவா வேண்டும். அதைத் திறக்கும் பிரவுசரும் பழையதாக இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஆலைக் கணினி விழுந்து கிடக்கும்போது பழைய ஜாவாவைத் தேடிக்கொண்டு உட்கார முடியுமா? ஜாவா இல்லாமல் இன்றைய பிரவுசரிலேயே திறக்கும் எச்டிஎம்எல்5 திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டெல்லில் ஐடிராக்8, எச்பியில் ஐஎல்ஓ4, இரண்டிலும் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் இருக்கும் நிரல்) புதுப்பித்தது என்றால் அது கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்கு சர்வர் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு கணக்குக் கணினிக்காக ரேக் சர்வரின் விசிறிச் சத்தம், கூடுதல் மின்செலவு, அது இழுத்துக் குவிக்கும் உமித்தூசி எல்லாம் எதற்கு? ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுகிற கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ அது பொருந்தும்.

உங்களுக்குச் சரியாக அமைவது வி-ப்ரோ. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஆபீஸ் கணினிகளை ஓர் அறையிலிருந்து கவனித்துக்கொள்ள இன்டெல் 2006இல் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜிதான் நமக்கு வேண்டியது. திரையையும் கீபோர்டையும் தரும் வசதி அதில் 2010இலிருந்து இருக்கிறது. அந்த நிறுவனங்கள் கணினிகளை மாற்றும்போது பழையவை மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் திருச்சியிலும் ரீஃபர்பிஷ்டு என்று விற்பவற்றில் இவை நிறைய இருக்கும்.

வி-ப்ரோ ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினால் போதாது. சிபியு, சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்லு), நெட்வொர்க் சில்லு மூன்றும் ஒத்துவர வேண்டும். சிபியுவில் ஐ3 கழிந்தது. ஐ5இல் ஐ5-6500, 7500, 8500, 9500, 10500 ஆகியவற்றில் உண்டு. ஒரு படி கீழே இருக்கும் 6400, 7400, 8400, 9400, 10400இல் இல்லை. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாததால் கடைக்காரர்கள் இவற்றை ஒரே குவியலில் வைத்திருப்பார்கள், மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சிப்செட் 'க்யூ' வரிசையாக இருக்க வேண்டும்: க்யூ170, க்யூ270, க்யூ370, க்யூ470. எச் (H), பி (B) வரிசைகளில் திரை வசதி வராது. நெட்வொர்க் சில்லு இன்டெல் ஐ219-எல்எம் போல 'எல்எம்' என்று முடிய வேண்டும். 'வி' என்று முடிந்தாலோ ரியல்டெக் என்றாலோ விட்டுவிடுங்கள்.

கடையில் நின்று இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியாது. அதனால் மாடல் வரிசையைப் பிடித்துக்கொள்வது சுலபம். டெல் ஆப்டிபிளெக்ஸில் 3000 வரிசையைத் தவிர்த்து 5000, 7000 வரிசைகளைப் பாருங்கள்: 5060, 7060 மாதிரி. எச்பியில் எலைட்டெஸ்க் 800. லெனோவோவின் குட்டிப் பெட்டிகளில் எம்920க்யூவில் க்யூ370 இருக்கிறது, அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் எம்720க்யூவில் பி360, அதனால் அது உதவாது. 2022 முதல் வந்த புதிய கணினிகளில் வி-ப்ரோ என்டர்பிரைஸ், வி-ப்ரோ எசென்ஷியல்ஸ் என்று இரண்டு தரம் இருக்கிறது, நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது என்டர்பிரைஸ்.

இதையெல்லாம் பார்த்து வாங்கினாலும், தயாரிக்கும்போதே ரிமோட் நிர்வாகத்தை நிரந்தரமாக முடக்கி விற்ற பெட்டிகள் சில செகண்ட் ஹேண்டில் வரும். பணம் கொடுப்பதற்கு முன் கணினியை ஆன் செய்து கன்ட்ரோல்-பி (P) அல்லது எஃப்12 மெனு வழியாக, வி-ப்ரோ அமைப்புகள் உள்ள எம்இபிஎக்ஸ் என்ற திரைக்குள் போகச் சொல்லுங்கள். முதல் முறை பாஸ்வேர்டு 'அட்மின்'. உள்ளே போக முடிந்தால் சரி. பழைய நிறுவனம் வைத்த பாஸ்வேர்டு மாட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துத் தரும்படி கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். சில மாடல்களில் ஜம்பர் மாற்றியோ பேட்டரியைக் கழற்றியோ செய்துவிடலாம், சிலவற்றில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இதை விண்டோஸுக்குள்ளிருந்து மென்பொருள் மூலம் இயக்கிவைத்தால், நீங்கள் திரையைப் பார்க்க முயலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணினித் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதை எதிரே இருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும். ராத்திரியில் ஆலையில் யார் இருக்கிறார்கள்? அதனால் எம்இபிஎக்ஸ் திரைக்குள்ளேயே போய் இயக்கி, பயனர் சம்மதம் கேட்பதை அணைத்துவிடுங்கள். பயாஸில் 'டீப் ஸ்லீப்' அல்லது 'இஆர்பி' என்ற மின்சேமிப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரத்தையே நிறுத்திவிடும். திரை வர வேண்டுமென்றால் சிபியுவிலேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ்தான் ஓட வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டு போடாதீர்கள். மானிட்டர் மாட்டாமல் வைத்தால் சில பெட்டிகளில் கறுப்புத் திரைதான் தெரியும், ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைச் செருகினால் தீரும். இந்தப் பக்கம் பயன்படுத்த மெஷ்சென்ட்ரல் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

ஏஎம்டி ரைசன் ப்ரோ கணினிகளிலும் டேஷ் என்ற பெயரில் இதே மாதிரி ஒன்று உண்டு. ஆனால் மாடலுக்கு மாடல் வசதிகள் மாறுகின்றன, உதவிக்கு ஆள் கிடைப்பதும் கடினம். இந்த வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டாவது வழி ஐபி-கேவிஎம். இருக்கும் கணினியின் ஹெச்டிஎம்ஐ வெளியீட்டை ஒரு சிறு பெட்டிக்குள் விட்டு, அதிலிருந்து யுஎஸ்பி கேபிளைக் கணினிக்குக் கொடுப்பது. பெட்டி திரையைப் படம்பிடித்து உங்கள் பிரவுசருக்கு அனுப்பும். கணினியிடம் 'நான் ஒரு கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ்' என்று சொல்லிக்கொள்ளும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வைத்துச் செய்த பைகேவிஎம் இதில் பழகிய பெயர். 2024இல் 69 டாலருக்கு அறிவித்த ஜெட்கேவிஎம், சிபீடின் நானோகேவிஎம் போன்றவை அதைவிட மலிவு, இறக்குமதி வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியானாலும், எந்தப் பிராண்டானாலும் இது வேலை செய்யும் என்பதே பெரிய வசதி. கணினியை மாற்றினாலும் பெட்டியை எடுத்து அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம்.

இதில் பவர் பட்டனை யார் அழுத்துவது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும். பைகேவிஎம்மில் மதர்போர்டின் முன்பக்க பவர் பட்டன் பின்களில் இணைக்கும் சிறு போர்டு உண்டு, ஜெட்கேவிஎம்முக்கு அதைத் தனியாக வாங்க வேண்டும். டவர் கணினியில் இது சுலபம். குட்டிப் பெட்டிகளில் அந்தப் பின்களே இருக்காது, ஸ்மார்ட் பிளக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும். டாலி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்மார்ட் பிளக்கை அணைத்தால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். கணினியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுத்தால், கணினி அணையும்போது அந்தப் போர்ட்டும் அணைகிற மாடல்களில் ஐபி-கேவிஎம்மும் சேர்ந்து அணைந்துவிடும். எழுப்ப வேண்டிய ஆளே தூங்கிப்போவார். தனி அடாப்டரில் ஓட்டி, அதை யுபிஎஸ்ஸில் செருகுங்கள்.

விண்டோஸைத் தூரத்திலிருந்தே புதிதாகப் போட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், சர்வர், வி-ப்ரோ, ஐபி-கேவிஎம் மூன்றிலும் ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டால் டிஸ்க்கின் நகல்) டிவிடி மாதிரி மாட்டலாம். ஆனால் கோப்பு கும்பகோணத்தில் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் உங்கள் அப்லோடு வேகத்தில்தான் போகும். 5 ஜிபி கோப்பு 10 எம்பிபிஎஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் இணைப்பு அறுந்தால் இன்ஸ்டாலும் கெடும். ஐபி-கேவிஎம்மில் கோப்பை அதன் சொந்த நினைவகத்திலேயே முன்கூட்டி ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அது வி-ப்ரோவைவிட மேல். வி-ப்ரோ வாங்கினால், இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்றைக் கணினியின் பின்பக்கம் நிரந்தரமாகச் செருகி வைத்து, பூட் வரிசையில் அதைக் கடைசியில் போட்டுவிடுங்கள்.

இப்போது பாதைக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து ஆலை நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பாதை வேண்டும். டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் நிரலை அந்த ஆலைக் கணினியிலேயே போட்டுவிட்டு, எல்லாம் தயார் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினி விழுந்தால் விபிஎன்னும் விழும், திரும்பவும் எனிடெஸ்க் கதைதான். வி-ப்ரோவை அதே கணினிக்குள் ஓடும் விபிஎன் வழியாகப் பிடிக்கவும் முடியாது, வெளியிலிருந்து லேன் கேபிள் வழியாக வருகிற கட்டளையைத்தான் அது கேட்கும். ஆகவே விபிஎன் ரவுட்டரிலோ தனியாக ஒரு ராஸ்பெரி பையிலோ இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து வைத்தால் (போர்ட் ஃபார்வர்டு) போதாதா என்றால், 4ஜி, 5ஜி சிம் இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடையாது, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஃபைபரிலும் அப்படி இருக்கலாம். டெயில்ஸ்கேல் மாதிரி உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் விபிஎன் இந்தத் தடையைத் தாண்டிவிடும். போர்ட் திறப்பது ஆபத்து என்பது வேறு காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபைபர் அறுந்தால்? சாலை வேலைக்குத் தோண்டுகிற ஒரு ஜேசிபி போதும். இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டரில் ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று என்று வையுங்கள். பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாம் மணிக்கணக்கில் நின்றபோது, அவர்களுடைய அவுட்-ஆஃப்-பேண்ட் நெட்வொர்க்கும் சேர்ந்து விழுந்துவிட்டதால் பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியிருந்தது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்திலும் இதே குறைதான்: நிர்வாகத்துக்கான பாதை, விழுந்த முக்கிய நெட்வொர்க்கையே நம்பி இருந்தது.

ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, ரவுட்டர், ராஸ்பெரி பை மூன்றுக்கும் கணினியோடு சேராத தனி பேக்கப் கொடுங்கள். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ஓஎன்டியையும் ரவுட்டரையும் கணினி யுபிஎஸ்ஸைவிட அதிக நேரம் ஓட்டும், ராஸ்பெரி பைக்கு 5 வோல்ட் வெளியீடும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியதும் அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதிரி நாளில் செல்போன் டவரும் இருக்காது, எந்தப் பெட்டியும் உதவாது. அதற்கு வேண்டியது அன்றாட பேக்கப் ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்திருப்பது. ரிமோட் கருவிகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற சாதாரண மின்தடைக்கும் இடிக்கும்தான்.

இடி என்றதும் சொல்ல வேண்டியது எர்த். ஆலையில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் சரிகிறது என்றால் கணினி ரீஸ்டார்ட் ஆவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மோட்டார்களோடு சேராத தனி லைன் ஒன்றைக் கணினிக்கு எடுக்க முடியுமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஐபி-கேவிஎம் மாதிரி சிறு பெட்டிகள் லேன் கேபிள் வழியாக வருகிற சர்ஜில்தான் சீக்கிரம் போகும், கட்டடத்துக்கு வெளியே ஓடுகிற காப்பர் லேன் கேபிளில் அவற்றை மாட்டாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி: இவை எதையும் இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஐபிஎம்ஐ 2.0இல் பயனர் பெயர் தெரிந்த எவர் கேட்டாலும், உள்ளே விடுவதற்கு முன்பே பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் அதன் மறைவடிவத்தை (ஹாஷ்) கொடுத்துவிடும். அது விதிமுறையின் அமைப்பிலேயே உள்ள ஓட்டை, அப்டேட் போட்டுத் தைக்க முடியாது. 2017இல் வி-ப்ரோவில் பாஸ்வேர்டு இடத்தை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விடும் ஓட்டை வெளிவந்தது. அதே ஆண்டு எச்பி ஐஎல்ஓ4இல் 'ஏ' எழுத்தை 29 முறை அனுப்பினால் கதவு திறக்கும் ஓட்டையும் தெரியவந்தது. இரண்டுக்கும் ஃபர்ம்வேர் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் செகண்ட் ஹேண்டில் வருகிற பெட்டியில் அந்தத் திருத்தம் போட்டிருக்கும் என்று யார் சொன்னது? வாங்கிய அன்றே அப்டேட் செய்யுங்கள். மலிவான ஐபி-கேவிஎம்களிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைக்க வேண்டாம். நானோகேவிஎம் பெட்டிக்குள் மைக்ரோஃபோன் ஒன்று இருப்பதை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டெல்லில் 'ரூட்', 'கால்வின்', பழைய சூப்பர்மைக்ரோவில் 'அட்மின்', 'அட்மின்' என்று ஆரம்பப் பாஸ்வேர்டுகள் ஊருக்கே தெரிந்தவை. சூப்பர்மைக்ரோவில் இன்னொன்று: பிஎம்சிக்கான தனி போர்ட்டில் கேபிள் மாட்டாவிட்டால் அது சாதாரண லேன் போர்ட்டில் தானாகவே ஏறிக்கொள்ளும். தனி போர்ட்டைத்தான் சும்மா விட்டிருக்கிறோமே என்று நினைத்திருப்பீர்கள், அது மற்ற போர்ட் வழியாக நெட்வொர்க்கில் நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆலைக்கு ஐ5-8500 உள்ள ஆப்டிபிளெக்ஸ் 5060 அல்லது 7060, டவர் அல்லது ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் வகையில் எடுப்பேன். பட்டுக்கோட்டைக் கடையில் இருக்கும் கணினியை மாற்ற மாட்டேன், பேட்டரியும் பயாஸ் அமைப்பும் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். வேதாரண்யத்தில் உப்புக்காற்று லேன் போர்ட்டின் பின்களை அரிக்கும், அங்கே போய்வருவதும் உங்களுக்குத் தூரம், அந்தக் கடைக்கு ஓர் ஐபி-கேவிஎம் வாங்கலாம். ஏதாவது அரித்துப்போனால் முழுக் கணினியைத் தூக்காமல் பெட்டியையும் கேபிளையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆலையில் கணினியை அரவைக் கூடத்தில் வைக்காமல் எடைமேடை அறைக்கோ ஆபீசுக்கோ நகர்த்துங்கள்.

வாங்கியதை நேராக ஆலையில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். முதலில் கும்பகோணத்தில் வீட்டில் வைத்து, வீட்டு வைஃபையிலிருந்து இல்லாமல் செல்போன் டேட்டாவிலிருந்து இணைந்து பாருங்கள். விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு எழுப்புங்கள். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுச் செருகி, மறுபடி எழுப்புங்கள். ரவுட்டரையும் அணைத்துப் போட்டு, விபிஎன் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள் போய் ஓர் அமைப்பை மாற்றி, சேமித்து, வெளியே வாருங்கள். யுபிஎஸ் பாதியில் இருக்கும்போது கரண்ட் திரும்பி வருகிற அந்தச் சிக்கலையும் வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். இதையெல்லாம் சம்பா அறுவடை தொடங்குவதற்கு முன், அதாவது தை பிறப்பதற்கு முன்பே செய்து முடித்துவிடுங்கள். நெல் வண்டிகள் எடைமேடையில் வரிசையாக நிற்கும்போது கணினியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.